உள்ளே நிற்கும் ஐந்து வரிகள்

மாமு,

உன் மகள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்னைத் திறந்ததும் இயந்திர எண்ணெய் வாசனை அடித்தது. உள்ளே ஒரு சுருள் காகித நாடா. நிரலை ஓட்டை ஓட்டையாகக் குத்திக் கணினிக்குள் ஓட்டுவோமே, அது. இத்தனை வருடமாகியும் அதில் எண்ணெய் காயவில்லை.

"அப்பா கண்ண மூடறதுக்கு முன்ன கடசியா சொன்னது இதான் மாமா. 'பாய் கையில குட்த்துடு, வேற யார் கையிலயும் குட்த்துடாத'ன்னாரு" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். சுருளைப் பிரிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கை நடுக்கம் என்று வீட்டில் சொன்னேன். கோபம்தான் காரணம், உனக்குத் தெரியும்.

காலை ரயிலில் நீ ராயபுரத்தில் ஏறி இடம் பிடிப்பாய். நான் வண்ணாரப்பேட்டையில் ஏறுவேன். எண்ணூரில் இறங்கி நம் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு சண்டை முடிந்திருக்கும். நீ பட்டம் வாங்கி நிரல் எழுத வந்தவன். நான் கேபிள் இழுக்க வந்த ஒயர்மேன். கணினியோடு வந்த தடிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை, யாரும் சொல்லித் தரவுமில்லை. ஒருநாள் உன் நிரலில் நான் பிழை கண்டுபிடித்தபோது, நீதான் மேலதிகாரியிடம் போய், "இவருக்கு எங்க ரூம்ல ஒரு நாற்காலி போடணும் சார்" என்றாய். பார்க்கலாம் என்றார் அவர். அந்த நாற்காலிக்காக நான் காத்திருந்தேன்.

நம் கணினிக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை, பல்சக்கரங்களைப் பதப்படுத்தும் உலைகளின் சூடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எல்லை மீறினால் மணி அடிக்க வேண்டும். அதோடு மணிக்கொரு தடவை பிரிண்டரில் ஒரு தாள் அச்சடிக்க வேண்டும். இதையெல்லாம் மேய்க்கிற நடு நிரலை நாம் மானிட்டர் என்றோம். இப்போது என் பேரன் கெர்னல் என்கிறான். பிரிண்டரை ஓட்டும் நிரல் அந்த மானிட்டருக்கு உள்ளே இருப்பதா, வெளியே தனியாக இருப்பதா? நம் சண்டை இதுதான்.

"இன்னா பாய் நீ, சமையல்காரன தெருவுல நிக்க வச்சா சோறு எப்ப வரும்? மொத்த மெமரியே எட்டாயிரம் வார்த்தைதான். வெளிய வச்சா ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள வெளிய நடந்துகினே இருக்கணும்."

"லேட்டா வரட்டும். உள்ள வச்சு அவன் புடவையில நெருப்பு புடிச்சா, வூடே எரியுமே."

"சமையல்காரன் இன்னாத்துக்குப்பா புடவை கட்றான்?"

திருவொற்றியூர் ஸ்டேஷனில் ஏறிய மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் வூட்டுக்குப் போய் ஆக்குங்கடா, காது வலிக்குது" என்றாள். பெட்டியே சிரித்தது. அடுத்த வாரம் நீ உன் இஷ்டப்படி உள்ளேயே வைத்தாய். வேகமாகத்தான் ஓடியது. "பாத்தியா பாய்?" என்று நீ கண்ணடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

எண்ணூர்க் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். அந்த உப்பில் பிரிண்டர் கேபிளின் பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும். தினமும் ஸ்பிரிட் தொட்ட துணியால் அவற்றைத் துடைப்பது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமையும் அரை மணி நேரம் போய்த் துடைத்துவிட்டு வருவேன். யாரும் கேட்டுச் செய்ததல்ல.

ஒரே ஒரு ஞாயிறு போகவில்லை. அன்று உன் மகளுக்குக் கோயிலில் ஞானஸ்நானம். "பாய் வரலேன்னா கொழந்தைக்குப் பேரே வைக்கமாட்டேன்" என்று நீ வாசலில் வந்து நின்றாய். வந்தேன். நீ என் தட்டில் இரண்டாம் முறை கறி அள்ளி வைத்த நேரத்தில்தான் எண்ணூரில் பிரிண்டர் நின்றிருக்கிறது. 'அடுத்த எழுத்தைக் கொடு' என்ற சைகை அந்தப் பச்சை பிடித்த முனையைத் தாண்டி வரவில்லை. மானிட்டருக்குள் இருந்த உன் நிரலோ மற்ற எல்லாச் சைகைகளுக்கும் காதைப் பொத்திக்கொண்டு, அந்த ஒன்றுக்காகவே காத்துக்கொண்டு நின்றது. உலையின் சூட்டைப் பார்க்க ஆளில்லை. மணி அடிக்கவில்லை. உலை நிறைய இருந்த பல்சக்கரங்கள் வெந்து வீணாயின.

மறுநாள் விசாரணை. கேபிள் முனைகள் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். என் பொறுப்பு என்றேன். "பிரிண்டர் கெட்டா பிரிண்டர் மட்டும்தானே சார் நிக்கணும்? உலை மணி ஏன் நிக்கணும்?" என்றும் கேட்டேன். "ஒயர்மேன் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்" என்றார் மேலதிகாரி. நான் உன்னைப் பார்த்தேன். நீ மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தாய். 'நிரலின் இடம் தப்பு' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்தின நாள் நான் ஏன் வரவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என்னைப் பவர்ஹவுஸுக்கு மாற்றினார்கள். அதோடு நாற்காலி போயிற்று. ஓய்வு பெறும்வரை ஒயர்மேனாகவே இருந்தேன்.

நாம் பேசாமல் போகவில்லை. உன் வீட்டு விசேஷங்களுக்கு வந்தேன், என் வீட்டு விசேஷங்களுக்கு நீ வந்தாய். "நல்லா கீறியா பாய்?" என்பாய். "இருக்கேன்" என்பேன். அவ்வளவுதான். சண்டை போடுவதை நிறுத்திவிட்டோம். மரியாதையாக இருந்தோம். நீ எனக்குச் செய்ததிலேயே பெரிய கொடுமை அந்த மரியாதைதான்.

நேற்று சுருளைப் பிரித்தேன். நாடாவின் தலைப்பில் சிவப்புப் பென்சிலில் உன் கையெழுத்து: 'வெளியே'. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை எண்ணி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கண் மங்கினாலும் விரல் மறக்கவில்லை. பிரிண்டரை ஓட்டும் நிரல் முழுவதும் வெளியே, தனி நிரலாக. பிரிண்டர் செத்தாலும் உலை மணி அடிக்கும். ரயிலில் நான் சொன்னது அப்படியே இருந்தது.

என்னை மாற்றிய பிறகு அந்தக் கணினி ஒருநாளும் நின்றதில்லை என்று கேண்டீனில் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏன் என்று உன்னிடம் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. அந்த விசாரணை அறையில் வாயால் சொல்ல வேண்டியதைப் பென்சிலால் எழுதி டின்னில் பூட்டி வைத்தாய். இதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அன்று மேசை முன்னால் நின்றது நான்.

ஆனால் மாமு, நாடாவின் கடைசியில் ஐந்து வரிகளை மட்டும் நீ மானிட்டருக்கு உள்ளேயே வைத்திருக்கிறாய். பிரிண்டர் சைகை கொடுத்தால் அதை முதலில் வாங்கி, வெளியே இருக்கிறவனைத் தட்டி எழுப்பும் ஐந்து வரிகள். பக்கத்தில் அதே சிவப்புப் பென்சிலில் ஒரு குறிப்பு: 'இத்த இன்னா பண்ணுவ பாய்?'

முழுக்க வெளியே என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நேற்று மதியத்திலிருந்து பேரனின் நோட்டில் எழுதி அடித்து எழுதுகிறேன். நான்கு பக்கம் ஆயிற்று. கதவைத் தட்டுகிறவனுக்கு முதலில் குரல் கொடுக்க உள்ளே ஒருவன் இருந்துதான் ஆகவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வந்து நிற்கிறது. வரட்டும். நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. உன் ஐந்து வரிகளை மூன்றாக்கிவிட்டேன். பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி உட்கார்கிறேன்.