ஆறு மணி நேர அமிலம்

ஜூன் 9
மழை. அம்மாவின் கார்ப்பரேஷன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் லேபுக்குப் படகு பிடிக்க மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் போனேன். லேபில் அளவு வந்திருந்தது. இரும்பு நிரப்பிய என் கார்பன் நானோகுழாய்களின் காந்தத்தன்மை கிராமுக்கு 38 எமு அலகு. என்னோடு ஆராய்ச்சி செய்யும் அம்பிளி அதே முறையில் செய்த குழாய்களுக்கு 22தான். "பொன்மணியப் பாத்துக் கத்துக்கோ" என்று எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னார் எங்கள் வழிகாட்டி அனந்தநாராயணன் சார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 10
இங்காவது எழுதிவிடுகிறேன். குழாய்க்குள் இருக்கும் இரும்பைக் கரிச்சுவர் காப்பாற்றும். வெளியே ஒட்டியதை இருபத்துநான்கு மணி நேரம் அமிலத்தில் ஊறவைத்துக் கரைக்க வேண்டும். கரைக்காமல் அளந்தால் எண் கூடிக்காட்டும், அது பொய். மே 21 காலை ஊறவைத்தேன். மதியம் செய்தி: நாளை ஹர்த்தால். படகு இல்லை, பஸ் இல்லை. மாதிரியோ 23 காலை கூரியரில் போக வேண்டும். லேபுக்குப் பக்கத்து ஹாஸ்டலில் இருக்கும் அம்பிளியிடம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கலாம் — அவளிடம் போய் உதவி கேட்பதா என்று இருந்தது. ஆறு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். குறிப்பேட்டில் 'எடுத்தது: மே 22' என்று எழுதினேன்.

ஜூன் 12
அம்பிளி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறாள். கண் வீங்கியிருக்கிறது. சரியாகக் கழுவியவள் அவள்தான்! வீட்டுக்கு வந்தால், அம்மா கூட வேலை பார்க்கும் காளியம்மை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எம்மவ லேபுல ஒண்ணாமதா வந்திருக்கா, அறிஞ்சியா?" வெட்கமாக இருந்தது.

ஜூன் 13
இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 17
நுண்ணோக்கிப் படங்கள் வந்தன. என் குழாய்களின் மேல் இரும்பு கடுகு கடுகாய் ஒட்டியிருக்கிறது. சார் பார்ப்பதற்கு முன் அம்பிளியின் மேசைக்குப் போனேன்.
"மே இருபத்திரெண்டு... நான்—"
"அறியாம், எனக்குத் தெரியும்" என்றாள், தலை நிமிராமல். "ஹர்த்தால் அன்னைக்கு நான் இங்க இருந்தேன். உன் பீக்கர் கழுவிக் கமுத்தி வச்சிருந்துது."
"பின்ன ஏன் சார்ட்ட சொல்லல?"
"நீயே பறைவேன்னு நெனச்சேன்."
இருபத்தாறு நாள்! அய்யோ, என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.
சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. என்னை அனுப்புவதாக இருந்த சென்னைக் கருத்தரங்குக்கு நான் போகவில்லை, அம்பிளி போகிறாள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் புள்ளகிட்ட மாப்பு கேட்டியா?"
கேட்டேன், அம்மா. அவள் தன் குறிப்பேட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஜூலை 8
புதிதாய் ஊறவைத்தேன், காலை 10.10. மதியம் செய்தி: நாளை ஹர்த்தால். வேண்டுமென்றே செய்கிறார்களா!
பீக்கர் முன்னால் வெகுநேரம் நின்றேன். பிறகு அம்பிளியிடம் போனேன்.
"நாளைக்கு... எனக்காக எடுத்து வைப்பியா?"
பேனாவை எடுத்தாள். "எத்தன மணிக்கு?"

ஜூலை 24
அளவு வந்தது. 21.
குறிப்பேட்டில் 'எடுத்தது: ஜூலை 9, காலை 10.10 — அம்பிளி' என்று அவள் கையெழுத்து. அதற்குக் கீழே அந்த எண்ணை எழுதினேன்.