காமாட்சியின் மோதிரம் இறுகியபோது

என் தங்கமே, மாமனின் பொய்களுக்கெல்லாம் தனி நீதிபதியாக இருந்த காமாட்சி,

பதினான்கு உலகங்களிலும் இணையில்லாத பொற்கொல்லன், காரைக்குடியில் உட்கார்ந்து ஊதுகுழலை ஊதினால் பர்மா வரைக்கும் புழுதி பறக்க வைப்பவன், உன் தாய்மாமன் எழுதுகிறேன். சிரிக்கிறாயா? "குன்றிமணி உண்மைக்கு வண்டிப் பொய் சேக்குறீக மாமா" என்பாயே, அதைச் சொல்ல இப்போது ஆளில்லை. அதனால் பொய்யும் முன்போல் ருசிப்பதில்லை.

உன் தங்கை சிவகாமி மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறாள், கடைசி வருஷம். நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் லீவுக்கு வந்தவள் பட்டறையில் என் எதிரே உட்கார்ந்தாள். அத்தனை வருஷமும் கேட்கப் பயந்ததை அன்றுதான் கேட்டேன். "அக்காவுக்கு உள்ளே என்னதாம்மா ஆச்சு?"

"மாமா, காயம் பட்டா ரத்தம் உறையுதுல்ல? அதைச் செய்யிறது த்ராம்பின்னு ஒரு நொதி. ரத்தத்துல நூல் நூலா இழை கட்டி ஓட்டையை அடைக்கும். சிறுநீரகத்துல ரத்தத்தை வடிகட்டுற நுண்ணிய சல்லடை இருக்கு. அது புண்ணாகிப்போனா இந்த நொதி அங்குட்டும் போயி அதே வேலையைப் பாக்குது. இழை தேங்குனா, சுத்தியிருக்கிற செல்லெல்லாம் தாறுமாறாப் பெருகுது. கடைசியில எல்லாம் தழும்பாயிருது. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காக."

"தழும்பு வடிகட்டுமா?"

"வடிகட்டாது மாமா."

எனக்குப் புரிந்துவிட்டது. சல்லடை வேலைத் தோட்டில் பற்றவைக்கும்போது, ஒட்டுவதற்கு வைக்கும் பொடி உருகி, வைத்த இடத்தில் நின்றால் அழகு. துளைகளுக்குள் ஓடிவிட்டால் தோடே பாழ். காக்க வந்ததே கெடுத்துவிடுகிறது.

உனக்குக் காது குத்தியது நினைவிருக்காது. என் மடியில் இருந்தாய். ஒரே சொட்டு ரத்தம், வந்த வேகத்தில் நின்றது. "எங்க பரம்பரை ரத்தம், நில்லுன்னா நிக்கும்!" என்று மண்டபமே அதிர முழங்கினேன். அந்தப் பெருமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், தாயி? நிற்கக் கூடாத இடத்திலும் நின்றதே அது.

திருப்பத்தூர் மாப்பிள்ளைக்கு உன்னை நிச்சயம் செய்த அன்று நான் போட்ட மோதிரம் மூன்றே வாரத்தில் இறுகியது. வீடு முழுக்கச் சந்தோஷம். "கல்யாணக் களை, சதை போட்டுருச்சு" என்றார்கள். நான் மோதிரத்தின் வாயை வெட்டி, ஒரு துண்டு தங்கம் வைத்துப் பெரிதாக்கினேன். பத்து நாளில் மறுபடியும் வந்தாய்.

"மாமா, காலையில மூஞ்சியும் கனமா இருக்கு."

"மாப்பிள்ளை நெனப்பு அம்புட்டுக் கனம்டீ! இப்படியே போனா ஒனக்கு மோதிரத்துக்குப் பதிலா வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டைதான் அடிக்கணும்."

நீயும் சிரித்தாய். நான் மறுபடியும் வெட்டினேன். அரை நெல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. உன் விரலைத்தான் அளந்தது. அடுத்த மாதம் மதுரை ஆஸ்பத்திரி. அப்புறம் நீ இல்லை.

சிவகாமியிடம் கேட்டேன், முன்னாலேயே கூட்டிப் போயிருந்தால்? அவள் என் ஊதுகுழலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொல்ல முடியாது மாமா. உப்பைக் கொறச்சு, மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்." நீயாவது சொல்வாயா?

மதுரைக்குத் திரும்புமுன் அவள் எனக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பள்ளம் உடனே மறையாவிட்டால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்.

அவள் போன பிறகு, நெற்குப்பை ஊரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மோதிரம் இறுகுகிறதாம். வெட்டுக் கத்திரியைக் கையில் எடுத்தவன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே ஊதியிருந்தது. "அம்மா, பாப்பா கணுக்காலை அமுக்கிப் பாருங்க" என்றேன். பள்ளம் விழுந்தது. மறையவில்லை.

"மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் மோதிரம்."

"நகை வேலை பாக்கச் சொன்னா வைத்தியம் பாக்குறீகளே பத்தரே! ஒங்களுக்குப் பத்தவைக்கிற பொடி தீந்துபோச்சா?" என்று அந்த அம்மாள் பொரிந்து தள்ளினாள். ஆனாலும் கூட்டிப் போனாள்.

நேற்று அந்தத் தாய் மட்டும் வந்தாள். மருந்துக்கு வீக்கம் வடிகிறதாம். மோதிரம் மகளின் விரலிலிருந்து தானாகக் கழன்று சோற்றுத் தட்டில் விழுந்ததாம். நான் குதித்த குதியில் பட்டறை ஓடு நாலு உடைந்தது. சரி, ஒன்று. சரி, ஒன்றுமில்லை, குதிக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து, இரண்டு முறை ஒட்டுப்போட்ட உன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை உருக்க மாட்டேன். அளவும் குறைக்க மாட்டேன்.

இனி எந்தப் பெண் மோதிரம் இறுகுகிறது என்று வந்து நின்றாலும், முதலில் முகத்தைப் பார்ப்பேன். விரல் அதற்கப்புறம்தான். இதில் ஒரு குன்றிமணிகூடப் பொய் இல்லை, காமாட்சி.

உன்னை மடியில் வைத்துக் காது குத்திய,
உன் தாய்மாமன்