அண்ணன் மேல் போர்த்திய கொடி

ராஜு அண்ணா, நம் வீட்டின் மூத்த பிள்ளையே,

பதுளை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா உள்ளே வார்ட்டில் படுத்திருக்கிறாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம், ஊசி போட்டு எடுத்தாலும் மறுபடி மறுபடி ஊறுகிறது. பார்க்கிற டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நேற்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பிள்ளை, அம்மா என்ன ஆசைப்படுறாவோ அதைக் குடுங்கோ. பத்தியம் ஒண்டும் பாக்க வேண்டாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அம்மா சாப்பாட்டுக்கு ஆசைப்படவில்லை அண்ணா. கண் விழிக்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாள். "வந்துருச்சா?" உன் சவப்பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியைத்தான் கேட்கிறாள். பக்கத்துக் கட்டில் அம்மா, யாரோ உறவுக்காரர் வரவேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு, "வந்துருவாங்கக்கா, ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குல்ல" என்று ஆறுதல் சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை உனக்கு எழுதினாலும், பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். கொடியைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துபோனது. கொழும்பில் ஏதோ ஒரு அலுமாரியின் சாவி வைத்திருக்கிற யாராவது ஒருவர், அவரால் தமிழ் படிக்க முடியாவிட்டாலும் படிக்கத் தெரிந்த ஒருவர் சொல்லியாவது, இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நீ வந்த அன்று நடந்தது உனக்குத் தெரியாது அல்லவா? முதலில் அதைச் சொல்கிறேன். கிழக்கில் எங்கேயோ நீ பொலிஸ் டியூட்டியில் போன ரோட்டில் கண்ணிவெடி வெடித்தது என்றார்கள். இரண்டாம் நாள் பொலிஸ் லொறி நம் தோட்டத்துக்கு ஏறி வந்தது. பெட்டியை மூடி முத்திரை வைத்திருந்தார்கள். அதன் மேல் அந்தத் தேசியக் கொடி. நம் லயத்து வீடுகளில் அவ்வளவு பெரிய, அவ்வளவு புதிய துணியை யாருமே பார்த்ததில்லை. அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லி அதிகாரிகளின் காலில் விழுந்தாள். "திறக்கக் கூடாது அம்மே" என்று அவர்களும் கண் கலங்கினார்கள். ஹாலிஎல பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்கள ஆட்கள் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தோட்டத்துத் துரையும் வந்தார். தேயிலைக்குள்ளே, அப்பாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் வெட்டினார்கள்.

உன்னை இறக்குவதற்கு முன்பு நான்கு பேர் அந்தக் கொடியை எடுத்து, நான்கு முனையையும் பிடித்து, மடித்து, அம்மாவின் இரண்டு கைகளிலும் வைத்து சல்யூட் அடித்தார்கள். அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணா. உன் கையைத் தொடவில்லை. கடைசியாக உன்மேல் கிடந்து அவள் கைக்கு வந்தது அந்தத் துணி ஒன்றுதான். இதை நான் கொழும்பில் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! ஒருவருக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அது நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அம்மா தன் கல்யாணச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை, நீ போன நாளில், எடுத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். நான் அப்போதுதான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "கொடியில எதுவும் வைக்கக் கூடாதும்மா, சட்டம் இருக்கு" என்று சொன்னேன். "சாமிக்கு வைக்கிறதத்தானே வைக்கிறேன். இதுல என்னடி குத்தம்?" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கே பிடிவாதமாகத் தடுத்திருக்க வேண்டாமா? இப்போதும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தம்பி சேகரை நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது பைத்தியக்காரத்தனம். லீவில் வந்தபோதெல்லாம் அவனோடுதான் உனக்குச் சண்டை. "கொடியில அந்தச் சிங்கம் வாள ஓங்கிட்டு யாரப் பாத்துண்ணே நிக்குது? பச்சையையும் செம்மஞ்சளையும் பாத்துத்தானே நிக்குது? அதுல பச்சை முஸ்லிம் ஆளுங்க, செம்மஞ்சள் நம்மதானே?" என்று கேட்பான். நீ சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே சிரிப்பாய். "நமக்கு ஒரு கோடு போட்டிருக்கான்ல. அது அழியாம நிக்கணும்னா நாமளும் உள்ள போயி நிக்கணும்டா" என்று சொன்னாய். நீ உள்ளே போய்த்தான் நின்றாய்.

நீ போய் மூன்று வருஷம் கழிந்ததும் சேகர் கொழும்புக்கு வேலைக்குப் போனான். ஒரு சாப்பாட்டுக் கடை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் அப்பா பெயரைத் தப்பாக எழுதியிருந்ததால் அவனுக்கு அடையாள அட்டை வராமலே இழுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கிளாக்கர் கொடுத்த ஒரு கடிதம் மட்டும் சட்டைப் பையில். நகரத்தில் குண்டு வெடித்த மறுநாள், அந்தக் கடையில் வேலை செய்த ஏழு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்களை மூன்று நாளில் விட்டுவிட்டார்கள். அட்டை இல்லாதவன் இவன் ஒருவன்தான். "என் அண்ணன் பொலிஸ்காரன், டியூட்டியில செத்தவன்" என்று சொல்லியிருக்கிறான். தமிழ்ப் பொலிஸ்காரனா என்று சிரித்து, பொய் சொன்னதற்காக இன்னும் அடித்திருக்கிறார்கள்.

செய்தி வந்ததும் நான் உன் திணைக்களத்துக் கடிதம், சம்பளத் துண்டு எல்லாம் எடுத்து வைத்தேன். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

"கடுதாசிய யாரு படிப்பா? இத மேசையில வச்சா எந்திரிச்சு நிப்பாங்க. அன்னிக்கு அத்தன பேரும் நின்னாங்கல்ல?"

காலை ரயிலில் ஹாலிஎலயில் ஏறினோம். அம்மா அதற்கு முன் கண்டியைக்கூடப் பார்த்ததில்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்வரை அந்தச் சேலைப் பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. சீட்டில் வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போனபோது என் மடியில் வைத்து, "கால் படாமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடை முதலாளி வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளவயதுக்காரர். நான் சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கினார், படித்தார், வைத்தார். "அண்ணன் நல்லவனாக இருந்தால் தம்பியும் நல்லவனாகிவிடுவானா? விசாரணை முடியட்டும்" என்றார். அப்போதுதான் அம்மா சேலையைப் பிரித்தாள்.

கொடியைப் பார்த்ததும் அவர் எழுந்துதான் நின்றார், அண்ணா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

அவர் மரியாதைக்கு எழவில்லை. கொடியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன கறை?" என்று கத்தினார். மூன்று வருஷத்துக் குங்குமம். செம்மஞ்சள் கோட்டின் மேலேயே மூன்று பொட்டு. "தேசியக் கொடியைப் பழைய சேலைக்குள் சுருட்டிக்கொண்டு வருகிறீர்கள். அதில் கறை பூசியிருக்கிறீர்கள். இதற்கு உங்கள் இரண்டு பேரையும் உள்ளே போடலாம், தெரியுமா?"

நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம்தான்.

"பழைய சேலன்னா சொல்றாரு? ஏங்கிட்ட இருக்கறதுலயே நல்லது அதுதான்னு சொல்லு. அது பொட்டுனு சொல்லுடி. எம் புள்ள மேல கெடந்த துணி. நாங் கும்புடுற துணின்னு சொல்லு தனம்."

சொன்னேன். என் சிங்களத்தில் எல்லாவற்றுக்கும் சரியான சொல் கிடைக்கவில்லை. கும்பிடுவது என்பதற்குக் கிடைத்தது, பொட்டு என்பதற்குக் கிடைத்தது. அம்மாவின் மனசுக்குக் கிடைக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான சார்ஜன் ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். உன் பெயரை இரண்டு தடவை கேட்டார். பிறகு அந்த அதிகாரியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். எங்களை உள்ளே போடவில்லை, அவர் புண்ணியம். ஆனால் கொடி திரும்பி வரவில்லை. "விசாரணை முடியும்வரை இங்கே இருக்கட்டும்" என்று ஒரு இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அதை மடித்து உள்ளே வைத்தவர் அந்தச் சார்ஜன். அதற்கு ஒரு ரசீதுத் துண்டுகூடத் தரவில்லை. நானும் பயத்தில் கேட்கவில்லை. சேலையை மட்டும் அம்மா கையில் கொடுத்தார்கள்.

சேகரை ஒன்பது மாசம் வைத்திருந்தார்கள். ஒரு வழக்கும் போடாமல் விட்டார்கள். வந்தவன் பழைய சேகர் இல்லை. இப்போது வெலிமடையில் கிழங்கு மூட்டை ஏற்றுகிறான். ஒரு பக்கத் தோளில் மட்டும்தான் தூக்க முடியும். உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான்.

கொடியைக் கேட்டு எட்டுத் தடவை கொழும்புக்குப் போனேன், அண்ணா. முதல் இரண்டு தடவை, விசாரணை முடியவில்லை என்றார்கள். பிறகு அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார். பிறகு சார்ஜன் பென்ஷனில் போய்விட்டார். பிறகு அந்த நிலையமே வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. போன தடவை ஒரு சின்னப் பொண்ணு, பொலிஸ்தான், பாவம், எனக்காக ஒரு மணி நேரம் பழைய சாமான்களைக் கிளறிப் பார்த்தாள். "டீச்சர், கடையில் புதிதாகக் கிடைக்குமே, எதற்காக இப்படி அலைகிறீர்கள்?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டாள்.

இதற்கிடையில் சமாதானம் என்றார்கள், அதுவும் போய்விட்டது. மறுபடி சோதனைச் சாவடி, மறுபடி பெட்டிகள் வருகின்றன. சுதந்திர தினத்துக்கு எங்கள் பாடசாலையில் கொடி ஏற்றுகிறோம். கொடியைத் தரையில் படவிடக் கூடாது, கிழிந்ததை ஏற்றக் கூடாது, பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். செம்மஞ்சள் நாம் என்றும் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்கிறது. ஆனால் அது பொய் என்றால் நீ எதற்காகச் செத்தாய்? உண்மை என்றால் சேகரின் தோள் ஏன் அப்படி இருக்கிறது? இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் எப்படிப் பாடம் நடத்துவேன், சொல்லு?

இனி இன்றைக்கு நடந்தது. நேற்று டாக்டர் சொன்னதைச் சேகரிடம் சொன்னேன். பிறகு அவனே சொன்னான்:

"டவுன்ல ஒரு கொடி வாங்கிருவோமாக்கா? அம்மாவுக்குக் கண்ணு தெரியல. கையில குடுத்தா நிம்மதியாப் போயிருவா."

அவன் வாயிலிருந்து அது வந்ததும் என்னால் மறுக்க முடியவில்லை. இன்று காலையில் இரண்டு பேரும் பதுளைக் கடைவீதிக்குப் போனோம். அவன்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கனமான துணியாக எடுத்தான். மடிக்கத் தெரியாமல் கடைக்காரர் சுருட்டியபோது, "அப்படி இல்லங்க" என்று வாங்கி அவனே மடித்தான். பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

"அம்மா, வந்துருச்சும்மா" என்றேன். வாழ்க்கையில் அவளிடம் நான் சொன்ன பெரிய பொய்.

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். வைத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு விரல் மெதுவாக, பொட்டு வைத்த இடத்தைத் தேடி, ஓரத்தைத் தடவத் தொடங்கியது. ஒரு ஓரம் முழுக்கப் போனது. அடுத்த ஓரமும் போனது. கொழுந்து பறித்த விரல் அண்ணா, அதை ஏமாற்ற முடியுமா?

"இது ராசுவோடது இல்ல" என்றாள்.

சேகர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் ஏதோ யோசித்தாள். பிறகு அந்தக் கொடியைச் சின்னப் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தாள்.

"மாத்திக் குடுத்துட்டாங்கடி. யாரு பெத்த புள்ளையோடதோ. அந்தத் தாயும் நம்மள மாதிரி தேடிட்டுத்தான் இருப்பா, பாவம். கீழ வச்சிராத. கொண்டுபோயி அவகிட்டக் குடுத்துட்டு வந்துரு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சேகர் வெளியே ஓடிவிட்டான். மதில் பக்கம் நின்று அவன் அழுவது இங்கே கேட்கிறது. நீ செத்த அன்றுகூட அவன் அழவில்லை.

கொடி என் மடியில் இருக்கிறது. கீழே வைக்கவில்லை. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன், அண்ணா? எந்த ஊரில், எந்தத் தாயிடம்?

திங்கட்கிழமை சேகரை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை ரயிலில் மறுபடி போகிறேன். அந்தப் பழைய சார்ஜனின் ஊரையாவது கேட்டு வாங்கி, அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். கிடைத்தால் அம்மா கையில் வைப்பேன். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் உயிர் போகும் நேரமானாலும், இன்னொருத்தி பிள்ளையின் துணியைக் கொடுத்து இனி அவளை ஏமாற்ற மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்கு அடுத்து அதே வயிற்றில் பிறந்தவள்,
தனலெட்சுமி