இடப்பக்கத் திருப்பங்கள்

கடித எண்: 23 / 1979
உத்திரமேரூர்,
18-11-1979, ஞாயிற்றுக்கிழமை,
காலை 6.40 மணி.

பொருள்: எம்.ஜி. காரின் இடப்பக்க சிக்னல் சரிசெய்யப்பட்டது. வண்டியை விற்பது குறித்து என் முடிவு.
பார்வை: உன் 29-10-1979 தேதியிட்ட கடிதம் (கிடைத்தது 9-11-1979).

சிரஞ்சீவி சுப்பிரமணிக்கு உன் அப்பா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். பர்மிங்ஹாமில் குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. உனக்குக் குளிர் எப்போதும் காது வழியாகத்தான் ஏறும். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஏரி நிரம்பிவிட்டது. பின்கட்டு ஓடுகளில் நான்கை மாற்றினேன். சமையலுக்கு வரும் ஜெயம்மாள் குழம்பில் உப்பைக் குறைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மற்றபடி குறையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்தொரு வயதில் நான் தனியாக வண்டி ஓட்டுவது சரியல்ல என்று எழுதியிருக்கிறாய். சென்னையில் சேட்டு ஒருவர் பழைய வண்டிகளை விரும்பி வாங்குகிறார், 2-12-1979 அன்று வந்து எடுத்துப் போவார், சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். ஆகஸ்ட் மாதம் பேருந்து உரசியதை யாரோ உனக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்பதை நானே முறையாகத் தெரிவித்துவிடுகிறேன்.

1964ஆம் ஆண்டு எலிகள் வண்டியின் சிக்னல் ஒயர்களைக் கடித்துத் தீர்த்தன. அப்போது நீ பள்ளி விடுதியில் இருந்தாய். அதன்பின் வலப்பக்கம் திரும்ப நான் வலக்கையை நீட்டினேன். இடப்பக்கம் திரும்ப உன் அம்மா இடக்கையை நீட்டினாள். நான் சொல்லக்கூட வேண்டியதில்லை. கியர் குறைக்கும் சத்தம் கேட்டதுமே அவள் கை வெளியே போய்விடும். மழைநாளில் கித்தான் கூரை போட்டிருந்தால் ஓரத்திரையைத் தள்ளிக்கொண்டு நீட்டுவாள். உள்ளே இழுத்து ஒரு உதறு உதறுவாள். வளையல் தண்ணீர் முழுவதும் என் கண்ணாடியில் தெறிக்கும். ஒயரை மாற்றிவிடலாம் என்று நான் பலமுறை சொன்னேன். “என் கை இருக்கசொல்ல உங்களுக்கு லைட்டு எதுக்கு?” என்று கேட்பாள். ஒயர் அப்படியே கிடந்தது.

அவள் மறைந்த 28-11-1978க்குப் பிறகு நான் இடப்பக்கம் திரும்பவில்லை.

இதை நீ மிகையென்று எண்ண வேண்டாம். வீட்டிலிருந்து வலப்பக்கம், கடைத்தெருவில் வலப்பக்கம், தபாலாபீஸ் மூலையில் வலப்பக்கம், பிறகு மறுபடி வீடு. வெள்ளிக்கிழமைதோறும் வண்டி இந்த ஒரு வட்டத்தில்தான் ஓடியது. “இன்னா சார், ஊரையே பிரதட்சணம் பண்ணிக்கினு கீறீங்க? சாமி யாரு, நானா?” என்று கடைத்தெருவில் வயரிங் கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸ் கேட்டார். வலம் வருவதால் ஊருக்கு நன்மைதான் என்று பதில் சொன்னேன்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி மட்டும் துணிந்து பார்த்தேன். ஓட்டுநர் வலக்கையை வெளியே நீட்டி வட்டமாகச் சுற்றினால் இடப்பக்கம் திரும்பப் போகிறார் என்று பொருள். அது விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அவ்வாறே சுற்றினேன். எதிரே மாட்டுவண்டியில் வந்த சின்னராசு, நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வண்டியை நேரே என்னிடம் ஓட்டிவந்து, “இன்னா சார், கூப்ட்டீங்களா? வைக்கோலா வேணும்?” என்று கேட்டான். அவனுக்கு வழிவிட நான் வலப்பக்கமாக ஒதுங்கியபோது பின்னால் வந்த பேருந்து இடப்பக்கத்தை உரசிச் சென்றது. நடத்துனர் இறங்கி வந்து, “பெரியவரே, கையில சாமரமா வீசினு வர்றீங்க?” என்றார். பிழை எவருடையது என்று நான் வாதிடவில்லை. விதியை அறிந்தவர் அங்கே என்னைத் தவிர ஒருவருமில்லை.

உன் அம்மாவின் முதலாண்டுத் திதி நேற்று, 17-11-1979 சனிக்கிழமை. பழையசீவரத்தில் பாலாற்றங்கரையில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். உனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்ததை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலைக்கு அதன் ஒழுங்கு உண்டு. பேருந்தில் போவதற்கு எனக்கு மனமில்லை. அவளை அவள் உட்கார்ந்த வண்டியில்தான் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வழியில் இடப்பக்கத் திருப்பங்கள் மூன்று. ஆகவே 11ஆம் தேதி கௌஸை வரவழைத்தேன்.

ஒயர்களின் வரைபடத்தை நான் வண்ணப் பென்சிலில் போட்டு வைத்திருந்தேன். கௌஸிடம் இருந்ததோ சிவப்பு ஒயர் ஒரு சுருள் மட்டும். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் நாளை எது எங்கே போகிறது என்று எவருக்குத் தெரியும்? கடைசியில் உன் அம்மாவின் தையல் பெட்டியை எடுத்துவந்தேன். வலப்பக்க ஒயர்களின் இருமுனைகளிலும் வெள்ளை நூல், இடப்பக்க ஒயர்களில் பச்சை நூல் சுற்றினோம். பச்சை நூல்கண்டில் ஊசி குத்தியபடியே இருந்தது. அதை எடுத்து வேறிடத்தில் வைத்தேன்.

முதல் நாள் விளக்கு எரியவில்லை. கௌஸ் பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து இணைப்பு எடுத்திருந்தார். இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்தது. 1961இல் என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை கம்பெனியை விட்டுப் போகும்போது வண்டியை எனக்குக் கொடுத்து முதலில் சொன்னதே அதுதான். “உலகமே நெகட்டிவ்ல கீது சார், உங்க வண்டிக்கு மட்டும் இன்னா வந்துச்சி?” என்று கௌஸ் கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். நான் வரைபடத்தோடு பின்னாலேயே போய் அழைத்துவந்தேன்.

இரண்டாம் நாள் வலப்பக்கம் ஒழுங்காகச் சிமிட்டியது. இடப்பக்கத்தில் பின்விளக்கு மட்டும் எரிந்தது. அதுவும் சிமிட்டாமல் விழித்துக்கொண்டு நின்றது. பேருந்து உரசிய இடத்தில் துரு ஏறி முன்விளக்குக்கு இணைப்பு கிடைக்கவில்லை. ஒரு பக்கத்து விளக்குகள் இரண்டும் சேர்ந்து மின்சாரத்தை இழுத்தால்தான் உள்ளே இருக்கும் கருவி சிமிட்டும். “ஒத்தையா கீதுன்னா சிமிட்டாது சார். சும்மா எரிஞ்சிக்கினே கெடக்கும்,” என்றார் கௌஸ். நான் உப்புத்தாளை வாங்கித் துருவைச் சுரண்டினேன். பொழுது சாயும்போது இரண்டும் சேர்ந்து சிமிட்டின. கௌஸ் கைதட்டினார். ஜெயம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா ரெண்டு நாளா சாப்பிடாம கெடந்தீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேற்று காலை 5.15க்குக் கிளம்பினேன். மழை இல்லாததால் கூரையைப் போடவில்லை. முதல் திருப்பம் வந்ததும் கியரைக் குறைத்தேன். பழக்கத்தில் ஒரு நொடி காத்திருந்தேன். பிறகுதான் சுவிட்சைத் திருப்பினேன். பின்னால் வந்த லாரி அடங்கி நின்று வழிவிட்டது. எவரும் என்னை ஏசவில்லை. எவரும் என்னிடம் வைக்கோல் வேண்டுமா என்று கேட்கவுமில்லை.

அந்த சுவிட்ச் உனக்கு நினைவிருக்கும். திருப்பிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று மெதுவாக வெளியேறி, முடிந்ததும் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். திருப்பம் முடிந்து நெடுந்தூரம் போன பின்னும் அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அது ஓயும் வரையில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகு புறப்பட்டேன். மற்ற இரண்டு திருப்பங்களிலும் அப்படியே செய்தேன்.

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். சடங்குகளைக் குறைவின்றிச் செய்தேன். எள்ளைக் கையில் கொடுத்த புரோகிதர், “புள்ள வரலீங்களா?” என்று கேட்டார். சீமையில் வேலை என்றேன். “அப்ப நீங்களே ரெண்டு தபா விடுங்க, அவருக்கும் சேத்து,” என்றார். விட்டேன். உன் பங்கு தவறவில்லை என்று நீ நிம்மதியாக இருக்கலாம்.

திரும்பும் வழியில் அந்த மூன்று இடங்களும் வலத் திருப்பங்களாகிவிட்டன. விளக்கு இருந்தும் கையைத்தான் நீட்டினேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கண் முன்போல இல்லை. மாலையில் எதிர்விளக்கு கூசுகிறது. இந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் போக வேண்டிய இடமும் நேற்றோடு முடிந்தது. விற்க எனக்குத் தடை இல்லை. ஆனால் சேட்டு 2ஆம் தேதி வர வேண்டாம் என்று இன்றே அவருக்கும் எழுதுகிறேன். வண்டியை அவரிடம் நான் கொடுக்க மாட்டேன். நீ வந்து கொடு. விடுமுறை தை மாதம் கிடைத்தாலும் சரி, சித்திரையில் கிடைத்தாலும் சரி. அதுவரை வாரம் ஒருமுறை இஞ்சினை ஓடவிட்டு வைக்கிறேன். நீ வரும் நாளில் மீனம்பாக்கத்துக்கு நானே வண்டியைக் கொண்டுவருகிறேன். பகல் விமானமாகப் பார்த்து வா. வீடு வந்து சேர்ந்ததும் சாவியை உன் கையில் தந்துவிடுகிறேன். பிறகு நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வரும் வழியில் இடப்பக்க இருக்கையில் உட்கார். நீ கையை நீட்ட வேண்டியதில்லை, விளக்கு நன்றாகவே எரிகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் அம்மா உனக்குச் சொல்ல வேண்டிய ஆசியையும் சேர்த்து நானே சொல்கிறேன்: நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் நன்றாக இரு.

உன் அப்பா,
ச. பஞ்சாட்சரம்

இத்துடன் இணைத்திருப்பவை:

1. திதியன்று கொடுத்த விபூதி, ஒரு பொட்டலம்.
2. பச்சை நூல் சுற்றிய ஒயர் துண்டு, ஒன்று. (மீதியானது. நூல் உன் அம்மாவுடையது.)
3. மீனம்பாக்கத்திலிருந்து நம் வீடு வரையிலான வழியின் வரைபடம், ஒன்று. இடப்பக்கத் திருப்பங்கள் மட்டும் பச்சையில் குறிக்கப்பட்டுள்ளன.