ஐந்தருவியில் உனக்குக் கேட்டது

அக்கா,

தென்காசி வீட்டுக் குளியலறையில் உன் சோப்பு இன்னும் அந்தத் தட்டின் மேல்தான் இருக்கிறது. தட்டு என்று நீதான் பேர் வைத்தாய். உண்மையில் அது நான் முதன்முதலில் செய்த கம்ப்யூட்டர் போர்டின் சூடு தணிய, அதன் முதுகில் ஒட்டியிருந்த அலுமினியத் துண்டு. போர்டு செத்துப்போனதும் அதைப் பிடுங்கியெடுத்து, "வரிவரியா இருக்குல்லா, தண்ணி நிக்காம வடிஞ்சிரும், சோப்பு கரையாது" என்று கொண்டுபோய் வைத்துவிட்டாய். எனக்கு அன்று கோபம்கூட வந்தது. இன்று காலை கை கழுவப் போனவன் அந்தச் சோப்பைத் தொட மனமில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு வந்தேன். சோப்பு காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.

பத்தாம் வகுப்பில் வந்த காய்ச்சலோடு உன் காது போயிற்று. காதுக்கருவி வாங்கினார்கள், வீட்டுக்குள் அது ஒப்பேற்றியது. சாரல் காலத்தில் எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனால் மட்டும் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாய். "நீங்க பேசுததையும் பெருசாக்குது, அருவியையும் பெருசாக்குது. மண்டைக்குள்ள லாரி ஓடுத மாதிரி இருக்குலே" என்பாய். பிறகு நாங்கள் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமலே எங்கள் முகங்களைப் பார்த்து நீயும் சிரிப்பாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெங்களூரில் எனக்குக் கிடைத்தது ராடாருக்கான போர்டுகள் செய்யும் வேலை. மழைக்குள் விமானத்தின் மெல்லிய எதிரொலியைத் தேடும் கணக்கும், அருவிக்குள் மனிதக் குரலைத் தேடும் கணக்கும் பங்காளிகள்தான். கணக்கு அன்றே இருந்தது. பேசிய வாய் மூடுவதற்குள் அதைப் போட்டு முடிக்கும் சிப்தான் இல்லை. முதல் போர்டு சாப்பாட்டுத் தட்டு அகலம். மேலே விசிறி, பக்கத்தில் ஒரு கார் பேட்டரி. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், பஜ்ஜிக் கடை ஓரத்தில் உன்னை உட்காரவைத்து, மைக்கும் ஹெட்போனும் மாட்டினேன். "இதுல தோசை சுடலாம் போலிருக்கே" என்றாய். உன் வாய் முகூர்த்தம், கொஞ்ச நேரத்தில் சூடேறி நின்றேவிட்டது.

சில வருஷம் கழித்து வந்தது டிபன் பாக்ஸ் மூடி அளவு போர்டு. சிப்புக்குள் ஓடும் பாதைகளையே நம் கணக்குக்குத் தக்கபடி மாற்றி அமைத்துக்கொள்ளலாம், விசிறி வேண்டாம். அதே கடைக்குப் போனோம். நீ என் வாயசைவைப் பார்த்துவிடக் கூடாதென்று உன்னை அடுப்புப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். நல்ல காது உள்ளவர்களுக்கு அங்கே என் குரல் விளங்கும். உனக்கு விளங்குகிறதா என்பதுதான் சோதனை. குடை என்றேன், குடை என்றாய். புளி, பூட்டு, கத்திரிக்காய், எதுவும் தப்பவில்லை. "ஏலே, எல்லாம் கேக்குதுலே!" என்று நீ போட்ட சத்தத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். கடைக்காரம்மா என் இலையில் ஒரு பஜ்ஜி கூடுதலாக வைத்தாள்.

அப்புறம் எல்லாம் அந்த ஒரு நாளை நம்பித்தான். ஆபீசில் "இது ஆகிற காரியமில்லை" என்றவர்களிடம் எல்லாம் "எங்க அக்காவுக்குக் கேட்டுச்சு சார்" என்று சொல்லியே வாயடைத்தேன். காதுக்குள் வைக்கும் அளவுக்குச் சுருக்குவது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்திருந்தேன்.

போன சாரலுக்கு உள்ளங்கை அளவு போர்டோடு வந்தேன். வீடியோ கேமில் படம் காட்டப் பிறந்த சிப், குரலைப் பிரிக்கவும் கற்றுக்கொண்டிருந்தது. பழைய பஜ்ஜிக் கடை இல்லை. கடைக்காரம்மா சுரண்டையில் மகள் வீட்டோடு போய்விட்டாளாம். ஹெட்போனை மாட்டி, உன்னை அருவியைப் பார்க்க உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்று "வாழைக்காய்" என்றேன். நீ அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடி சொன்னேன். நீ மெல்லத் திரும்பி, "ஏலே, தொண்டை கட்டியிருக்கா உனக்கு? வீட்டுக்குப் போயி மிளகு ரசம் வைக்கேன்" என்றாய்.

"சொன்ன வார்த்தையச் சொல்லுக்கா."

"அது கெடக்கு. மொதல்ல தலையத் துவட்டு" என்று துண்டை எறிந்தாய்.

தோல்வி என்று குறித்துக்கொண்டு பெங்களூருக்குத் திரும்பினேன். பொங்கலுக்கு முன்னால் நெஞ்சு வலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து சேர்ந்தபோது உன் காதுகளில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

இப்போது புளியங்கொட்டை அளவில் ஒரு சிப் வந்திருக்கிறது. சூடாகாது, பொடிப் பேட்டரியில் நாள் முழுக்க ஓடும். எது புதிதாக வந்தாலும் ஐந்தருவியில் உன் மைக் பதிந்து வைத்த ஒலிகளை அதில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் அந்த டிபன் பாக்ஸ் மூடி நாளின் பதிவை ஓட்டினேன். அருவி விலகிப் போயிற்று. எண்ணெய் கொதிப்பது கேட்டது. அதற்குள்ளிருந்து உன் கிசுகிசுப்பு வந்தது. முந்தைய சிப்புகள் அதையும் இரைச்சல் என்று வடித்தெறிந்திருந்தன. எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவள் நீ. கிசுகிசுப்பாய் என்று நான் நினைத்ததே இல்லை.

"மதினி, அவன் என்ன சொல்லுதான்னு எனக்கு வாயசைச்சுக் காட்டுங்க. ஒரு எழவும் கேக்கல. சொன்னா தம்பி மொகம் வாடிரும்."

"சரி தாயி" என்றாள் கடைக்காரம்மா. அடுத்து என் குரல்: குடை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது அக்கா. இத்தனை வருஷமும் நான் கட்டிய கோட்டைக்கு ஒரு பஜ்ஜிக் கடைக்காரம்மாவின் வாய்தான் அஸ்திவாரம். பிறகு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு தடவையாவது உனக்கு என் குரல் கேட்டதா, இல்லை எல்லாமே எனக்காக ஆடிய ஆட்டமா என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்த ரசம் நினைவுக்கு வந்தது. போன சாரலில் உனக்கு முன்னால் கடையும் இல்லை, மதினியும் இல்லை, அருவி மட்டும்தான் இருந்தது. வாழைக்காயை யாரும் வாயசைத்துக் காட்டிவிடலாம். தொண்டை கட்டியிருப்பதை எந்த வாயாலும் காட்ட முடியாது. அன்று எனக்கு உண்மையிலேயே தொண்டை கட்டித்தான் இருந்தது. உனக்குக் கேட்டிருக்கிறது. அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் நீ என் வார்த்தையை விட்டுவிட்டு என் தொண்டையைக் கேட்டிருக்கிறாய். நான் வாழைக்காயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தப் புளியங்கொட்டையை வைக்கும் கூட்டை உன் பழைய காதுக்கருவியின் அச்சில் வார்த்தேன். வேறு யார் காதிலும் பொருந்தாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். இன்று ஐந்தருவியில் நல்ல தண்ணீர். நீ உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் போய் நின்று, வாழைக்காய் என்று சொல்லப் பார்த்தேன். குரல் வரவில்லை.

தொண்டை கட்டியிருக்கிறது, அக்கா.