இடது பக்கம் என்ன தெரியுது?

மார்ச் 3, திங்கள்

இன்று தையல்காரியை அழவைத்தேன். வேண்டுமென்று இல்லை — சரி, வேண்டுமென்றுதான். நாற்பது வயதில் மெஷினை விட்டுவிட்டுப் பள்ளி வேன் ஓட்டப் போகிறாளாம். லைசென்ஸ் வாங்கினால் ஜூனில் வேலை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதற்குத்தான் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் கற்க வந்திருக்கிறாள்.

என் வழக்கப்படி, கண்ணில் படும் ஆபத்தையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். "நிக்கிற பஸ்சு... முன்னாடி யாராவது குறுக்கே வரலாம்... அந்தக் கார் கதவு திறக்கலாம்..." நன்றாகத்தான் சொன்னாள். திடீரென்று பிரேக். என் நெற்றி கண்ணாடியில் இடிக்கப் பார்த்தது.

"எதுக்கு இப்ப பிரேக்கு?"

"இடது பக்கம் ஒரு குழந்தை சார், பந்தை எடுக்க..."

நான் எந்தக் குழந்தையையும் பார்க்கவில்லை. "பேய் கீய் தெரியுதா உனக்கு? இல்லாத குழந்தைக்கு பிரேக் போட்டா, வேன்ல இருக்கிற குழந்தைங்க பல்லு உடையும்" என்றேன். அழுதாள். வண்டி நகர்ந்தபின் திரும்பிப் பார்த்தேன். ஒரு சிறுமி, கையில் பந்தோடு நின்றாள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன்.

மார்ச் 5

இடது பக்கத் தம்ளரைத் தட்டிவிட்டேன். இந்த வாரம் மூன்றாவது. மனைவி துடைத்துக்கொண்டே, "கண்ணைக் காட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள்.

"நீ தம்ளரை ஒழுங்கா வை" என்றேன்.

மார்ச் 11

டாக்டர் சின்னப் பெண். கருவியில் முகவாயை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். இடது பக்கம் புள்ளியே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்துகொண்டேதான் இருந்ததாம்.

"இடது கண்ல ஓரப்பார்வை போயிடுச்சு. இனி திரும்பாது. வண்டி ஓட்டறது, கத்துக்குடுக்கறது, ரெண்டையும் நிறுத்திடுங்க. வேலை இடத்துல உடனே சொல்லிடுங்க."

இருபத்திரண்டு வருஷம். வண்டியில் ஒரு கீறல் இல்லை. வீட்ல உக்காந்து என்ன பண்ணச் சொல்றா? ஈ ஓட்டவா? அவள் எழுதிக்கொடுத்த சீட்டைக் கிழித்துப் போட்டேன். மனைவியிடம், கண்ணாடி மாற்றினால் போதுமாம் என்றேன்.

மார்ச் 14

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 19

தையல்காரியின் வாய்தான் எனக்கு எமன். "இடது பக்கம் தள்ளுவண்டி சார். இடது பக்கம் நாய் சார்." எங்கே என்று ஒரு தடவை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "அதோ, தெரியலையா சார்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவள் வெளியே போய்ச் சொன்னால்?

"வாயை மூடிட்டு ஓட்டு. நான் சொன்னா மட்டும் பிரேக்கைத் தொடு. சொல்லாம மிதிச்சேன்னா டெஸ்டுக்கே அனுப்ப மாட்டேன்."

"வேலை போயிடும் சார்..."

"அப்ப சொன்னதைக் கேளு."

மார்ச் 24

நல்ல முன்னேற்றம். வாயே திறப்பதில்லை. கால் பிரேக்குக்குப் போகும், என் முகத்தைப் பார்ப்பாள், கால் திரும்பிவிடும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். எழுதியிருக்கக் கூடாது.

மார்ச் 28

இடித்துவிட்டோம். இல்லை — அவள் இடித்துவிட்டாள்.

பகல் பதினோரு மணி. மருந்துக்கடைத் திருப்பம். இடது சந்திலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்திருக்கிறார். எனக்குச் சத்தம்தான் தெரியும். அதற்கு முன்னால் அவள் காலைப் பார்த்தேன். பிரேக்குக்கு மேலே அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்வேன் என்று.

பயிற்சி வண்டி. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஐயோ, ஏன்டா மிதிக்கல? எதைப் பாத்துடா மிதிப்பேன்?

பெரியவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பது சந்தேகமாம்.

ஏப்ரல் 2

போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் அவள் சொன்னாள்: "நான் பாத்தேன் சார். நல்லாவே பாத்தேன். இவர் சொல்லாம பிரேக் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

அவர் சிரித்தேவிட்டார். "பிரேக் போடாதேன்னு எந்த வாத்தியாராவது சொல்வாராம்மா?" பிறகு என்னைப் பார்த்தார்.

"நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன் சார்" என்றேன். "நான் மிதிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"இருபத்திரண்டு வருஷமா ஒரு கீறல் இல்லாத மனுஷன்" என்றார் எங்கள் ஸ்கூல் முதலாளி.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவளுடைய பயிற்சித் தாளில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: கவனக்குறைவு.

ஏப்ரல் 3

மனைவி சாப்பாடு போட்டாள். தம்ளரை என் வலது பக்கம் வைத்தாள்.

ஏப்ரல் 9

வேனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். தையல்கடை வழியாக நடந்தேன். மெஷின்மேல் குனிந்திருந்தாள். கடை இடது பக்கம் இருந்திருந்தால் பார்த்தே இருக்க மாட்டேன். வலது பக்கம் இருந்தது.

ஏப்ரல் 21

புது மாணவி, வங்கியில் வேலை. முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டேன்: "பாக்கறதையெல்லாம் சத்தமா சொல்லணும். முக்கியமா இடது பக்கம். ஒண்ணு விட்டாலும் இறக்கிவிட்டுடுவேன்." வாயை மூடிக்கொண்டு ஓட்டி ஒரு பெரியவரை முடமாக்கிய தையல்காரியின் கதையையும் சொன்னேன். மிரண்டுபோனாள். எல்லா வாத்தியார்களும் என்னைப்போல் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறார் முதலாளி.

"இடது பக்கம் ஒரு அம்மா சார், கைக்குழந்தையோட. தாண்டப் பாக்கறாங்க."

"பாத்துட்டேன்" என்று பிரேக்கை மிதித்தேன்.