தூரத்துக்கு மார்க் இல்லை

“தாய்லாந்தா, ஜப்பானா? நீயே சொல்லுப்பா.”

வங்காளத்தில், நம் டாக்குரியா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகள் நித்யா உங்களிடம் கேட்ட கேள்வி இது. பி.ஏ. முடித்த கையோடு இரண்டு நாடுகளிலிருந்து அவளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை வந்திருந்தது. இன்று காலை குளிர் தாங்காமல் அலமாரியைத் துழாவியபோது, உங்கள் மங்கி கேப்புக்குள் ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. அன்று நான் அவளுக்காகப் போட்ட பட்டியல். நீங்கள்தான் மடித்து வைத்திருக்க வேண்டும். கம்பளியில் இன்னும் உங்கள் தைல வாசனை.

எதையும் கட்டம் போட்டு மார்க் கொடுத்துப் பார்ப்பது என் பழக்கம். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தங்க இடம் யார் பார்த்துத் தருவார்கள், பாடம் நடத்தும்போது பக்கத்தில் அனுபவப்பட்ட ஆசிரியர் இருப்பாரா என்று வரிசையாக எழுதினேன். தாய்லாந்தில் ஒரு வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள், இவள் தனியாக. ஜப்பானின் வடக்கே அந்தச் சின்ன ஊரில் பதினெட்டுப் பிள்ளைகள், கூடவே உள்ளூர் ஆசிரியை ஒருவர். புதிதாக சைக்கிள் ஓட்டும் குழந்தைக்குப் பின்னால் ஒருவர் ஓடி வருவது மாதிரி என்று விளக்கினேன்.

“என்ன டீச்சர், வீட்லயும் பேப்பர் திருத்தறியா?” என்று கேலி செய்தீர்கள்.

கடைசி வரி, வீட்டிலிருந்து தூரம். பாங்காக்குக்குக் காலையில் விமானம் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அந்த ஊருக்கோ இரண்டு விமானம் மாறி, பிறகு ரயில். தாய்லாந்துக்குப் பத்து, ஜப்பானுக்கு ஒன்று என்று போட்டேன். நீங்கள் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தீர்கள்.

“தூரத்துக்கு மார்க் இல்லை. கூட்டிப் பாரு.”

ஜப்பான் இரண்டு மார்க்கில் ஜெயித்தது. “தூர் பாபா, அப்பாவுக்கு என்னைத் துரத்தணும்!” என்று வங்காளிப் பெண்களைப் போல அலுத்துக்கொண்டே அவள் உங்கள் தோளில் சாய்ந்தாள்.

அடித்த காரணம் எனக்குத் தெரியும். பதினோரு நாள் முன்பு வந்த ரிப்போர்ட் என் கைப்பையில் இருந்தது. உங்கள் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி. அவளிடம் சொல்லிவிடலாம் என்று நான் அழுதபோது, என் பள்ளியைக் கொண்டே என்னை மடக்கினீர்கள்.

“பரீட்சை எழுதற பொண்ணுக்கு வீட்லேர்ந்து கெட்ட சேதி வந்தா என்ன பண்ணுவீங்க? மணி அடிச்சப்புறம்தானே சொல்லுவீங்க? இவளுக்கு மொத வருஷம் முடியட்டும்.”

முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். கையில் சேதியை வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு விடைத்தாள் கொடுத்திருக்கிறேன். அது கருணை என்றே நம்பினேன். அதனால் உங்களுக்குச் சம்மதித்தேன்.

பிப்ரவரியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவள் போனில் கேட்டாள். “சாதாரண ஜுரம்தான்” என்றேன். அதை நீங்கள் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது. உண்மையைச் சொன்னபோது அங்கே பனி கொட்டி விமானங்கள் நின்றுவிட்டன. உங்கள் உடலை மூன்று நாள் வைத்துக் காத்திருந்தோம். அவள் வந்தது நான்காம் நாள்.

வந்தவள் அழவில்லை. உங்கள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ரிப்போர்ட்ல தேதி போட்டிருக்கும்மா. நான் சைன் பண்றதுக்கு முன்னாடி. உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தாய்லாந்து போயிருப்பேனே. மாசத்துக்கு ரெண்டு தடவை வந்திருப்பேனேம்மா.”

 

இரண்டு வருடமாகிறது. ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறாள். பதினெட்டுப் பிள்ளைகளின் குறும்பையும் சொல்கிறாள். நல்ல ஆசிரியையாகியிருக்கிறாள், அந்த அளவில் பட்டியல் சரிதான். ஆனால் “பிரஷர் சரியா இருக்கு” என்று நான் சொன்னால், “மெஷினைக் காட்டு” என்கிறாள். மருந்துச் சீட்டைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்கிறாள். தேதியைப் படிக்கிறாள். அம்மா சொல்வதை அவள் இனி நம்பமாட்டாள். உங்களை இழந்த துக்கத்தோடு இதையும் சேர்த்தே சுமக்கிறேன். உங்கள் மேல் கோபம்கூட வருகிறது, கோபித்துக்கொள்ள நீங்கள் இல்லை. அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கவில்லை. தன் வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வரியை நாம் அடித்துவிட்டுக் கொடுத்தோம்.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எந்த நாட்டுக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அது கையெழுத்திடுவதற்கு முன், நீங்கள் மறைத்து வைத்திருக்கும் சேதியை இன்றே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.